திறக்காமல் வாங்கிய பெட்டி

அருள்புரத்துப் பனியன் கம்பெனி ஒன்றின் கேட்டில் நூர்ஜான் பல வருஷம் செக்யூரிட்டியாக நின்றிருந்தாள். ஷிப்ட் முடிந்து வெளியே போகிற பெண்களின் பையை வாங்கித் திறந்து, டிபன் டப்பாவை ஆட்டிப் பார்த்து, இடுப்பைத் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு பீஸ்கூட வெளியே போகக் கூடாது. மற்ற நேரங்களில் அந்தப் பெண்கள் அவளோடு பேசுவார்கள், சிரிப்பார்கள். பையை நீட்டும்போது மட்டும் யாரும் அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவளும் பார்க்க மாட்டாள். அந்த வேலையில் காட்டக்கூடிய மரியாதை அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள்.

ஒரு நாள் குப்பாயி என்கிற பெண்ணின் டிபன் பையில், டப்பாவுக்கு அடியில், ஒரு குழந்தைப் பனியன் இருந்தது. குப்பாயிக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. அவள் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. பனியனில் கழுத்துத் தையல் கோணிப் போயிருந்தது. எப்படியும் கழிவு மூட்டைக்குப் போக வேண்டிய பீஸ். நூர்ஜான் அதைத் தனியாக வாங்கி வைத்துக்கொண்டு "போங்க" என்று சொல்லியிருக்கலாம். அவள் கையைத் தூக்கி சூப்பர்வைசரைக் கூப்பிட்டாள். யோசித்துச் செய்ததல்ல, கை தானாகத் தூக்கிக்கொண்டது. மேனேஜர் வந்தார். பனியனைக் குப்பாயியின் சேலை முந்தானையில் ஊக்கால் குத்தி, எல்லோரும் வெளியே போய் முடிகிறவரை கேட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கவைத்தார். குப்பாயி அழவில்லை. தன்னைக் கடந்து போகிற ஒவ்வொருத்திக்கும் வழிவிடுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரோடு ஒண்டிக்கொண்டே போனாள்.

மறுநாளிலிருந்து குப்பாயி வேலைக்கு வரவில்லை. நூர்ஜான் ரெண்டு தடவை அவள் குடியிருந்த லைன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். காலி செய்துவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் அவளிடம் சொல்லவில்லை.

புது வேலை கிடைத்ததும் அதனால்தான். அவிநாசிக்கு வெளியே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஒரு ரைபிள் கிளப் இருந்தது. துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பழகுகிறவர்கள் வருகிற இடம். அதன் செகரட்டரி மகுடேஸ்வரன் சொந்தமாக நிட்டிங் யூனிட் வைத்திருந்தவர். கல்லூரிப் பெண்களும் நிறைய வருவதால் கவுண்டருக்கு ஒரு பொம்பளை ஆள் வேண்டும், நம்பகமாக இருக்க வேண்டும் என்று அவர் தேடிக்கொண்டிருந்தபோது, கம்பெனி மேனேஜர் நூர்ஜானைக் கைகாட்டினார். "சின்னப் பனியன்கூட அவிய கையத் தாண்டிப் போவாதுங்க" என்று சொன்னாராம். மகுடேஸ்வரன் இதை அவளைப் பாராட்டுவதாக நினைத்து அவளிடமே சொன்னார். அந்தச் சின்னப் பனியன் எது என்று நூர்ஜானுக்குத் தெரியும். ஆனாலும் கேட்டில் நிற்பதற்கு இது தேவலை என்று சேர்ந்துவிட்டாள்.

கிளப்பில் சொந்தத் துப்பாக்கி வைத்திருக்கிற உறுப்பினர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் கிளப் துப்பாக்கியை வாடகைக்கு எடுத்துச் சுடுவார்கள். அடையாள அட்டையைக் கவுண்டரில் கொடுத்துவிட்டுத் துப்பாக்கி இருக்கிற பெட்டியையும் எண்ணிக் கொடுக்கிற தோட்டாக்களையும் வாங்கிக்கொண்டு, சுடுகிற இடமான ரேஞ்சுக்குள் போக வேண்டும். சுட்டு முடித்ததும் பெட்டியும் காலித் தோட்டாக்களும் கவுண்டருக்குத் திரும்பி வர வேண்டும்.

"பொட்டியத் தொறந்து பாக்காம கார்டத் திருப்பிக் குடுத்துராதீங்க" என்று மகுடேஸ்வரன் முதல் நாளே சொல்லியிருந்தார். "அவிய முன்னாடியே தொறக்கோணும். உள்ள தோட்டா இல்லீன்னு பாக்கோணும், துப்பாக்கி நெம்பரப் பாக்கோணும், காலித் தோட்டாவ எண்ணோணும். அதுக்கப்புறந்தான் கார்டு. என்ற சொந்தப் பையனே வந்தாலும் அப்புடித்தானுங்க."

நூர்ஜான் அப்படித்தான் செய்தாள். பெட்டியின் கொக்கியைத் தள்ளி மூடியைத் தூக்குகிற ஒவ்வொரு முறையும் அவளுக்கு உள்ளூர ஒரு கூச்சம் இருந்தது. எதிரே நிற்கிறவர் படித்தவராகவோ முதலாளியாகவோ இருப்பார். அவர் கண் எங்கே பார்க்கிறது என்று அவள் பார்க்க மாட்டாள்.

தரணீதரன் என்கிற பையன் உறுப்பினராகச் சேர்ந்தது அடுத்த வருஷம். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பம். எஞ்சினியரிங் முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் சென்னையில் இருந்து, அப்பா இறந்தபின் ஊருக்குத் திரும்பிவிட்டவன். அமைதியான பையன். "நூர்ஜானக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். தோட்டத்தில் முருங்கை காய்த்தால் ஒரு கட்டு கொண்டுவந்து கவுண்டரில் வைப்பான். எப்போதும் ஒரே பிஸ்டலைத்தான் கேட்பான், கைக்குப் பழகிவிட்டது என்பான்.

ஒரு நாள் அவன் திருப்பிக் கொடுத்த பெட்டியை அவள் வழக்கம்போலத் திறந்தாள். பின்னால் வேறு சிலர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"என்னக்கா, இன்னுமா என்மேல நம்பிக்க வரலீங்க?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் காது மடல் சிவந்துவிட்டது. வரிசையில் இருந்தவர்கள் பார்ப்பது தெரிந்து ஓரமாக நகர்ந்து நின்றான். அந்த நகர்தல் நூர்ஜானை எங்கேயோ குத்தியது. சுவரோடு ஒண்டிய குப்பாயியைப் பார்த்தது போல இருந்தது.

"அதெல்லாம் இல்லீங்க கண்ணு, ரூல்ஸுங்க" என்று மூடியைச் சாத்தினாள்.

அதன்பின் அவன் பெட்டியை அவள் திறக்கவில்லை. எடையைப் பார்ப்பது போலக் கையில் வாங்கி, அப்படியே உள்ளறை ஷெல்பில் வைத்துவிட்டு அட்டையைக் கொடுத்துவிடுவாள். காலித் தோட்டாக்களையும் எண்ணாமல் டின்னில் கொட்டிக்கொள்வாள். அவனுக்கு மட்டும் அப்படிச் செய்வது ஓரவஞ்சனை போலத் தோன்றியதால், தெரிந்த முகம் எல்லோருக்கும் அப்படியே செய்தாள். ஜனங்கள் அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். கேட்டில் நின்ற காலம் முழுக்க அவளுக்குக் கிடைக்காத சிரிப்பு அது. ஒரு மனிதரைச் சந்தேகப்படாமல் ஒரு நாளை ஓட்ட முடிகிறதே என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மகுடேஸ்வரனுக்கு இது தெரியாது.

ஒரு சனிக்கிழமை முற்பகல் தரணீதரன் வந்து சுட்டுவிட்டுப் பெட்டியைக் கொடுத்தான். பெட்டி கனமாகத்தான் இருந்தது. "வாரனுங்க்கா" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான். அவன் வேறு ஏதாவது பேசாமல் போனதை அவள் அப்போதே கவனித்தாள். வீட்டில் ஏதாவது சோலி இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிறு காலையில் ஒரு கல்லூரிப் பெண் அதே பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போன வேகத்தில் திரும்பி வந்து பெட்டியைக் கவுண்டரில் திறந்து வைத்தாள். பனியன் வேஸ்ட் துணியில் சுற்றிய இரும்புத் துண்டு ஒன்று உள்ளே கிடந்தது. பம்புசெட்டிலிருந்து கழற்றியது போல இருந்தது.

யார் எடுத்தது என்று நூர்ஜானுக்கு அந்த நொடியே தெரியும். தனக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

மகுடேஸ்வரன் வந்தார். போலீஸ் வந்தது. ரேஞ்ச் முழுக்க சத்தம் நின்றுபோய், தோப்பில் மயில் அகவுவது மட்டும் கேட்டது. இன்ஸ்பெக்டர் கவுண்டருக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கடைசியாக அந்தத் துப்பாக்கியை எடுத்தது தரணீதரன் என்பது கவுண்டர் நோட்டிலிருந்து அவருக்கும் தெரிந்ததுதான். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"நேத்து அந்தப் பையன் திருப்பிக் குடுக்கறப்ப, பொட்டியத் தொறந்து பாத்தீங்களாம்மா?"

மகுடேஸ்வரன் பக்கத்தில் நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் வேலை போய்விடும். அது மட்டும் என்றால்கூட அவள் சொல்லியிருப்பாளோ என்னவோ. துப்பாக்கி காணாமல் போன இடத்தில் நூர்ஜான் என்கிற பெயர் இருக்கிறது. இல்லை என்றால் அடுத்த கேள்வி, அந்தப் பையனுக்கும் உனக்கும் என்ன, ஏன் திறக்கவில்லை, யாருக்காகத் திறக்கவில்லை என்று வரும். டிவியில் அந்தப் பெயரை எப்படிச் சொல்வார்கள், எதோடு சேர்த்துச் சொல்வார்கள் என்பது வரை அவள் மனசு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

"பாத்தனுங்க" என்றாள். "துப்பாக்கி இருந்துச்சுங்க. நாந்தான் உள்ள வெச்சனுங்க."

அந்த ஒரு வார்த்தையோடு தரணீதரன் விசாரணையிலிருந்து வெளியே போய்விட்டான். அவன் கொடுத்தபோது துப்பாக்கி இருந்தது, மறுநாள் காலையில் இல்லை என்றால், இடையில் அங்கே இருந்தவர்தான் எடுத்திருக்க வேண்டும். இருந்தவர் வாட்ச்மேன் தங்கவேலு ஒருத்தர்தான்.

தங்கவேலு ரேஞ்சுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தங்கியிருந்தார். சம்சாரம் இறந்தவர். குண்டு தாங்கும் மண்மேட்டைச் சமன் செய்வது, குறியட்டை மாட்டுவது, தோப்புக்குத் தண்ணீர் கட்டுவது எல்லாம் அவர்தான். போலீஸ்காரர்கள் அவருடைய கொட்டகையைக் கிளறினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். ஏறுவதற்கு முன் அவர் கவுண்டர் பக்கம் திரும்பினார்.

"அம்மிணி, நீங்க சொல்லுங். நா அந்த ரூமுப் பக்கமே போவமாட்டன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க."

நூர்ஜான் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடினாள். ஏற்கெனவே மூடியிருந்த பேனா. தங்கவேலு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று சாயங்காலம் புருஷன் கைருதீனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கைருதீன் ஒரு யூனிட்டில் அயர்னிங் மாஸ்டர். நின்று நின்று கால் நரம்பு புடைத்திருக்கும்; வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்துப் படுத்துவிடுவார். அவள் சொல்லச் சொல்லக் காலை இறக்கி எழுந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பெரியவரு எடுக்கலையில்ல?"

"எடுக்கலீங்க. அவரு எதுக்குங்க எடுக்கறாரு."

"அப்ப விட்டுருவாங்க. கையில பொருள் இல்லாம எத்தன நேரம் வெச்சிருப்பாங்க. நீயா போயி மாட்டிக்காத, நூரு. நம்மளுக்கு ஒண்ணுன்னா யாரு வருவா?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நூர்ஜானுக்கு அந்த நேரத்தில் யாராவது அப்படிச் சொல்ல வேண்டும் போல இருந்தது, அவர் சொன்னார். விட்டுவிடுவார்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே படுத்தாள். அந்தப் பையன் எதற்கு எடுத்தான் என்கிற கேள்வியை மட்டும் அவள் தனக்குள் கேட்கவே இல்லை. அதைக் கேட்டிருந்தால் படுத்திருக்க முடியாது. பின்னாளில் அவள் தன்னை மன்னிக்க முடியாமல் போனது பொய்க்காக மட்டும் இல்லை, இதற்காகவும்தான்.

திங்கட்கிழமை காலையில் சோறு வடித்துவிட்டுக் கைருதீனுக்கு டப்பா கட்டிக்கொண்டிருந்தாள். கட்டிய டப்பாவை அப்படியே வைத்துவிட்டு, "நா ஸ்டேசனுக்குப் போயிட்டு வாரனுங்க" என்றாள். கைருதீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு தானும் கூட வந்தார்.

ஸ்டேஷனில் தங்கவேலு தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. ஒரு கன்னம் வீங்கி அந்தப் பக்கத்துக் கண் இடுங்கியிருந்தது. அவர் நூர்ஜானைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். வந்தவருக்கு மரியாதை கொடுக்கிற பழக்கம். ஒரு போலீஸ்காரர் உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துகொண்டார்.

நூர்ஜான் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் நின்று சொன்னாள். "நேத்து நாஞ் சொன்னது பொய்ங்க. பொட்டிய நாந் தொறக்கலீங்க. தோட்டாவும் எண்ணறதில்லீங்க, ரொம்ப நாளாவே. அந்தப் பையன் குடுத்தத அப்புடியே வாங்கி வெச்சனுங்க. இவுருக்கு ஒண்ணுந் தெரியாதுங்க."

இன்ஸ்பெக்டர் சத்தம் போடவில்லை. மேஜைமேல் இருந்த போனை எடுத்து, குன்னத்தூருக்கு ஆள் அனுப்பச் சொல்லிப் பேசினார். பிறகு ஒரு ஏட்டைக் கூப்பிட்டு அவள் சொல்வதை எழுதச் சொன்னார். ஏட்டு பேரையும் ஊரையும் எழுதி முடிப்பதற்குள் போன் வந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். கேட்கிறபோது அவர் கண் நூர்ஜான் மேலேயே இருந்தது.

நடந்தது இதுதான். தரணீதரன் குடும்பத்துக் கிணற்றுக்குப் போகிற தடம் அவன் சித்தப்பா மணியனின் காட்டு வழியாகப் போகிறது. அண்ணன் இருந்தவரை பேச்சில்லாமல் ஓடிக்கொண்டிருந்த தடத்தை, அவர் செத்தபின் மணியன் முள் வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார். தடத்தில் தன் பங்கு இல்லை என்று இவன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். ஊரில் பேசினார்கள், வக்கீல் வைத்தார்கள், தென்னை காய்ந்தது. அன்று காலையில் மணியன் மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டிக்கொண்டிருந்தபோது தரணீதரன் முள்ளைத் தள்ளிவிட்டு உள்ளே போனான். வாய்த்தகராறு வந்தது. காலித் தோட்டாக்களை யாரும் எண்ணாததால் ரேஞ்சில் ஒவ்வொன்றாக ஒதுக்கி வைத்திருந்த தோட்டா அவனிடம் இருந்தது. சுட்டான். மணியன் முகத்துக்கு நேராக வலது கையைத் தூக்கியிருந்ததால் குண்டு கையில் பட்டது. இன்னொரு தடவை சுடப் போனவன், ரத்தத்தைப் பார்த்ததும் துப்பாக்கியைச் சோளக்காட்டில் எறிந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டானாம். போலீஸ் போகிறவரை உட்கார்ந்தே இருந்தானாம்.

"நீங்க நேத்துச் சொல்லீருந்தா நேத்தே அவனத் தூக்கியிருப்போம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

மணியன் பிழைத்துக்கொண்டார். கோயம்புத்தூரில் ஆபரேஷன் செய்தார்கள். மணிக்கட்டுக்கு மேல் எலும்பு நொறுங்கி நரம்பும் போய்விட்டதால் விரல்கள் மடங்கவில்லை. தங்கவேலுவை அன்றைக்கே விட்டுவிட்டார்கள். ரேஞ்சைப் பூட்டி சீல் வைத்தார்கள். பொய்யாகத் தகவல் சொன்னதற்கு நூர்ஜான் மேலும் ஒரு கேஸ் போட்டார்கள். மகுடேஸ்வரன் அவளை வேலையை விட்டு நிறுத்தினார். கோபத்தில்கூட அவர் மரியாதை குறையாமல்தான் பேசினார். "உங்ககிட்ட நாங் கேட்டது ஒண்ணே ஒண்ணுதானுங்களே" என்றார்.

நூர்ஜான் மறுபடி அருள்புரம் போனாள். கேட் வேலை இல்லை, பிசிறு வெட்டுகிற வேலை. தையலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற நூலைச் சின்னக் கத்தரியால் கத்தரித்துப் பீஸை அடுத்த பக்கம் தள்ள வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் வரிசையில் நின்று கேட்டில் பையை நீட்டுவாள். அங்கே இருந்த செக்யூரிட்டிப் பெண் சின்ன வயசு. நூர்ஜான் பையைத் தானே அகலத் திறந்து, டப்பாவைத் தானே வெளியே எடுத்துக் காட்டுவாள். "போதும்க்கா, போங்க" என்பாள் அந்தப் பெண். போதும் என்று அவள் சொன்ன பிறகும் நூர்ஜான் கொஞ்சம் நின்று காட்டிவிட்டுத்தான் போவாள்.

தங்கவேலுவைப் போய்ப் பார்க்க அவளுக்குத் தைரியம் வர ரொம்ப நாள் ஆனது. அவர் அவிநாசியில் மகள் வீட்டில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனாள். மகள் கதவைத் திறந்து, யார் என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள். தங்கவேலு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மிணி, உக்காருங்."

அவள் உட்காரவில்லை. "அண்ணா, நாஞ் செஞ்சதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க" என்றாள்.

அவர் சொன்னார். "அடிச்சது எனக்கு மறந்துபோச்சுங்க. போலீசுன்னா அடிப்பாங்கன்னு தெரிஞ்சதுதான். ஜீப்புல ஏறறப்ப உங்களக் கேட்டனில்லீங்க, அது மறக்க மாட்டீங்குது. நீங்க ஒருக்கா நிமுந்து பாத்திருந்தாக்கூடப் போதும்ங்க. பொய்யே சொல்லீருந்தாலும் செரி."

"ஆமாங்க" என்றாள் நூர்ஜான்.

மகள் உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கட்டில்மேல் வைத்தாள். நூர்ஜான் கையில் கொடுக்கவில்லை. நூர்ஜான் குடித்துவிட்டுக் கிளம்பினாள்.

அந்த வருஷக் கடைசியில் ரேஞ்சைத் திறக்க அனுமதி கிடைத்தது. நிறைய நிபந்தனைகளோடு கிடைத்தது. வாடகைத் துப்பாக்கி இனிமேல் சுடுகிற மேஜையோடு மெல்லிய எஃகுக் கயிற்றால் பூட்டப்பட்டிருக்கும். சுடுகிறவர் கொக்கியைக் கழற்ற முடியாது, கிளப் ஆள்தான் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொடுப்பார். பை எதுவும் உள்ளே போகக் கூடாது. துப்பாக்கி திரும்பி வரும்போது ஒருத்தர் போதாது, ரெண்டு பேர் திறந்து பார்க்க வேண்டும். அத்தனையும் ஏற்பாடு செய்து, ரேஞ்சைத் திறந்து ரெண்டு மாசத்துக்கு மேல் ஆன பிறகு மகுடேஸ்வரன் நூர்ஜான் வீட்டுக்கு வந்தார்.

"திரும்ப வாரீங்களா?" என்று கேட்டார்.

நூர்ஜான் அவரை நம்ப முடியாமல் பார்த்தாள். "என்னையவா கேக்கறீங்க?"

"வேற ரெண்டு பேர வெச்சுப் பாத்தனுங்க. ஒரு மாசம் ஒழுங்காப் பாக்கறாங்க. அப்புறம் நம்ம முதலாளிதான, நம்ம புள்ளதானன்னு உட்டர்றாங்க. நீங்க இனி உட மாட்டீங்க."

வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னாள். கைருதீனும் வேண்டாம் என்றார். ரெண்டு நாள் கழித்து அவளே மகுடேஸ்வரனைக் கூப்பிட்டு, தங்கவேலு அண்ணனையும் திரும்ப எடுத்துக்கொண்டால் வருவதாகச் சொன்னாள். மகுடேஸ்வரன் போய்க் கேட்டார். தங்கவேலு வரமாட்டேன் என்றுவிட்டார். அவர் மறுத்தபின், தான் மட்டும் எப்படிப் போவது என்று நூர்ஜானுக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் மட்டும் என்ன சரியாகிவிடும் என்றும் தெரியவில்லை. கடைசியில் போனாள்.

கவுண்டரில் இப்போது அவள், கூட வேலை பார்க்கிற ஒருத்தரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறக்கிறபோது எதிரே நிற்கிறவர் முகத்தைப் பார்த்தே திறக்கிறாள். "ஒரு நிமிசமுங்க, நீங்களும் பாத்துக்குங்க" என்று சொல்லி அவரையும் குனியவைத்து நம்பரைப் படிக்கிறாள். மகுடேஸ்வரன் கொடுத்தாலும் அப்படித்தான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். ஒரு மில் முதலாளி, "என்னைப் பாத்தாத் திருடனாட்டத் தெரியுதா?" என்று கேட்டுவிட்டார். "இல்லீங்கய்யா, யாரப் பாத்தும் தெரியறதில்லீங்க, அதனாலதான்" என்றாள். அவருக்கு அது இன்னும் கோபத்தை உண்டாக்கியது. அவள் பெட்டியை முழுக்கப் பார்த்து முடித்துத்தான் அட்டையைக் கொடுத்தாள்.

அதற்கடுத்த வருஷம் தரணீதரன் கேஸ் திருப்பூர் கோர்ட்டில் விசாரணைக்கு வந்தது. நூர்ஜான் சாட்சி. கூண்டில் நின்றிருந்த தரணீதரன் இளைத்துத் தாடி வளர்த்திருந்தான். அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான், ரேஞ்சுக்குள் வரும்போது ஆட்டுவது போலவே. அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். ஒரு தடவை அவன் பெட்டியைத் திறந்திருந்தால் இந்தப் பையன் இன்றைக்குத் தோட்டத்தில் இருந்திருப்பான் என்றுதான் தோன்றியது.

அவன் வக்கீல் எழுந்து கேட்டார். "ஞாயித்துக்கிழமை போலீஸ்கிட்ட ஒண்ணு சொன்னீங்க. திங்கட்கிழமை வேற சொன்னீங்க. ரெண்டுல ஒண்ணு பொய். எது பொய்யின்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கறது?"

"ஞாயித்துக்கிழமை சொன்னதுதான் பொய்ங்க."

"ஏன் பொய் சொன்னீங்க?"

"பயத்துலீங்க."

"இப்பப் பயம் இல்லையா?"

"இருக்குதுங்க" என்றாள். வக்கீல் அதோடு உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது மத்தியானம் ஆகிவிட்டது. கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் மணியனும் அவர் சம்சாரம் கருத்தம்மாவும் நின்றிருந்தார்கள். மணியன் இடது கையில் டீ கிளாஸைப் பிடித்திருந்தார். வலது கை, விரல்கள் விறைத்தபடி, வேட்டி மடிப்பின்மேல் தொங்கிக்கொண்டிருந்தது. நூர்ஜான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். பிறகு நின்றாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

மணியன்தான் முதலில் பேசினார். "ஏனுங்கம்மிணி, அந்தப் பொய்ய மட்டும் நீங்க சொல்லாம இருந்திருந்தீங்கன்னா, அவன ஞாயித்துக்கெழமையே புடிச்சிருப்பாங்களா?"

"புடிச்சிருப்பாங்க."

"அப்ப கை நல்லாத்தான் இருந்திருக்கும்."

"ஆமாங்க. நல்லாத்தான் இருந்திருக்கும்."

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். "அவன் சின்னப்புள்ளயா இருக்கறப்ப நாந்தான் தூக்கிட்டுப் போயிப் பள்ளிக்கோடத்துல உடுவனுங்க" என்றார். "முள்ளு வெட்டிப் போட்டதும் நாந்தான்."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வந்தார். கருத்தம்மா குறுக்கே, "பேசுனது போதும், பஸ்ஸு வருது வாங்க" என்றாள். நூர்ஜான் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

குன்னத்தூர் பஸ் வந்து நின்றது. கூட்டம். மணியன் பழக்கத்தில் வலது கையைத்தான் கம்பிக்குக் கொண்டுபோனார். விரல் மடங்காமல் கை வழுக்கியது. இடது கையை மாற்றுவதற்குள் பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். நூர்ஜான் தன்னையறியாமல் ரெண்டு எட்டு முன்னால் போனாள். அதற்குள் கருத்தம்மா அவர் முதுகில் கையைக் கொடுத்துத் தள்ளி ஏற்றிவிட்டுத் தானும் ஏறிக்கொண்டாள். பஸ் கிளம்பியது. நூர்ஜான் பஸ் திருப்பத்தில் மறைகிறவரை அங்கேயே நின்றாள். பிறகு ரேஞ்சில் மத்தியான ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் அவிநாசி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள்.